21 கிட், 7 லாரி: ஒரு மாடல் கூட்ஸ் யார்டின் நிகழ்வு ஆய்வு

பழைய லாரி கிட்டுகள், அதாவது பாகங்களை ஒட்டிக் கட்டும் மாடல் பெட்டிகள், 21 ஒரே அட்டைப்பெட்டியில் என் கைக்கு வந்தன. மூன்று வருடம் கழித்து, என் மாடல் ரயிலின் கூட்ஸ் யார்டில் அவற்றிலிருந்து 7 வண்டிகள்தான் நிற்கின்றன. மீதி எங்கே போயின என்று நோட்டுப் புத்தகத்தைப் புரட்டியபோது தப்பு எங்கே என்று புரிந்தது. லாரியை முதலில் வாங்கிவிட்டு அதற்கு வேலை தேடியிருக்கிறேன். யார்டில் என்ன வேலை இருக்கிறது என்று பார்த்துவிட்டு லாரி தேடியிருக்க வேண்டும்.

களம் இதுதான். லேஅவுட், அதாவது மாடல் ரயில் ஓடும் களம், பிரிட்டிஷ் பாணி; கதை நடக்கும் வருடம் 1953; ஸ்கேல் ஓஓ, அதாவது 1:76, நிஜத்தில் 76-ல் ஒரு பங்கு. ஒரு சின்ன ஸ்டேஷன், இரண்டு சைடிங், ஒரு கூட்ஸ் ஷெட், நிலக்கரி கொட்டும் இடம், மரம் ஏற்ற ஒரு கிரேன். எஞ்சினும் பெட்டிகளும் ஓடிக்கொண்டிருந்தன. தரையில் மட்டும் ஒரு வண்டி கிடையாது. லாரி இல்லாத கூட்ஸ் யார்டைப் பார்த்தால் ஸ்ட்ரைக் நடக்கிற மாதிரி இருக்கும்.

அந்த நேரத்தில்தான் நண்பர் ஒருவர் தன் சேகரிப்பைக் கலைத்தார். "பூராவும் எடுத்துக்கங்க, பிரிச்சுத் தர மாட்டேன்" என்றார். எடுத்துக்கொண்டேன். பிரித்துத் தரமாட்டேன் என்கிறவரிடம் வாங்கும்போது, பிரிக்கும் வேலை நம் தலையில் விழுகிறது என்பது அப்போது உறைக்கவில்லை.

பெட்டிக்குள் இருந்தவை

1:76 கிட்டுகள் 11. பெரும்பாலும் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி செய்தவை, கொஞ்சம் மேட்ச்பாக்ஸ். ஏஇசி மெட்டாடர் பீரங்கி இழுவை லாரி மட்டும் இரண்டு. 1:72 அளவில் 3, அவற்றில் ஒன்று ஹசேகாவா செய்த ஜிஎம்சி இரண்டரை டன் ராணுவ லாரி. 1:87 அளவில் 4. பெரிய 1:25 அமெரிக்க லாரி 2. கடைசியாக ஒயிட் மெட்டல் என்ற கலப்பு உலோகத்தில் வார்த்த ஸ்காமெல் மெக்கானிக்கல் ஹார்ஸ் என்ற இழுவை வண்டி ஒன்று, அதற்கு ஒரு ட்ரெய்லர்.

அநேகமாக எல்லாமே ராணுவ வண்டிகள். இதில் ஆச்சரியம் இல்லை. 1960, 70-களில் இந்த அளவில் பிளாஸ்டிக் லாரி கிட் வாங்கியவர்களில் பெரும்பாலோர் போர்க்கள மாடல் செய்யும் பையன்கள். மாடல் ரயில்காரர்களுக்குக் கிடைத்தது அந்தப் பந்தியின் மிச்சம்தான். அது ஒரு வகையில் நமக்கு வசதி. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட லாரிகள் ஏலத்தில் போய், மரம் இழுக்கவும், பழுதான வண்டிகளைத் தூக்கவும், எண்ணெய் சுமக்கவும் பல வருடம் ஓடின. 1953-ல் ஒரு கூட்ஸ் யார்டில் பழைய ராணுவ லாரி நிற்பது மிகச் சாதாரணமான காட்சி. பச்சை வண்ணத்தை மாற்றினால் போதும்.

ஸ்கேல் என்ற பொறி

பெட்டியின் மேல் போட்டிருக்கும் ஸ்கேலை நம்பித்தான் முதல் மாதம் முழுவதும் வீணாயிற்று. அந்தக் காலத்துப் பெட்டிகளில் "ஓஓ/ஹெச்ஓ" என்று சேர்த்தே அச்சடித்திருப்பார்கள். ஓஓ என்றால் 1:76. ஹெச்ஓ என்றால் 1:87. இரண்டுக்கும் தண்டவாள அகலம் ஒன்றே, 16.5 மில்லிமீட்டர். ஆனால் தண்டவாளத்துக்கு மேலே நிற்பவை ஒன்றல்ல. பிரிட்டிஷ் எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களைவிடச் சின்னவை. 3.5 மில்லிமீட்டருக்கு ஓர் அடி என்ற ஹெச்ஓ கணக்கில் செய்தால் அக்காலத்து மோட்டார் உள்ளே அடங்காது. அதனால் தண்டவாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உடம்பை மட்டும் 4 மில்லிமீட்டருக்கு ஓர் அடி என்று பெரிதாக்கினார்கள். விளைவாக ஓஓ லேஅவுட்டில் தண்டவாளமே குறுகலானது. சரியான கணக்குப்படி 18.83 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது 16.5-ல் நிற்கிறது. சரியான அளவில் ஒரு லாரியை லெவல் கிராசிங்கில் நிறுத்தினால், பார்ப்பவர்கள் லாரிதான் பெரிசு என்று சொல்வார்கள். குற்றவாளி தண்டவாளம்.

எட்டடி அகல லாரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1:87-ல் அது 28 மில்லிமீட்டர். 1:76-ல் 32. 1:72-ல் கிட்டத்தட்ட 34. 1:25-ல் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர், அதாவது என் எஞ்சின்களை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து நிறுத்தினாலும் அதைவிட அகலம். இரண்டு 1:25 கிட்டும் அன்றே கணக்கிலிருந்து கழிந்தன.

மற்றவற்றுக்கு அளவுகோலைவிட நன்றாக வேலை செய்தது ஓர் அட்டை ஆள். 23 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தடித்த அட்டையில் ஒரு மனித உருவம் வெட்டினேன். ஓஓ ஸ்கேலில் அது ஐந்தே முக்கால் அடி ஆள். அவனை ஒவ்வொரு கிட்டின் கேபின் கதவுக்குப் பக்கத்திலும், லாரியின் பலகைத் தளத்துக்குப் பக்கத்திலும் நிறுத்திப் பார்த்தேன். நிஜ லாரியின் தளம் ஓர் ஆளின் நெஞ்சுக்குக் கீழே, சுமார் நாலடி உயரம் வரும். 1:76-ல் அது 16 மில்லிமீட்டர், 1:87-ல் 14. வெறும் 2 மில்லிமீட்டர்தான் என்று தோன்றும். ஆனால் ஷெட்டின் சரக்கு மேடைக்கு ஒட்டி நிறுத்தும்போது அந்த 2 மில்லிமீட்டரில் லாரி பள்ளத்தில் இறங்கி நிற்பது போலத் தெரிகிறது. கண் அகலத்தில் ஏமாறும், உயரத்தில் ஏமாறாது.

யார்டு என்ன கேட்டது

அப்புறம்தான் செய்ய வேண்டியதை முதலிலிருந்து செய்தேன். யார்டை வரைந்து, ஒவ்வோர் இடத்திலும் யார் வண்டி வந்து நிற்கும் என்று எழுதினேன். ஷெட் வாசலில் ரயில்வேயின் சொந்த வண்டி. கிரேன் பக்கத்தில் மரம் இழுக்கும் வண்டி. எண்ணெய்க் கிடங்குக்கு ஒரு டாங்கர். பார்சல் எடுக்க ஒரு வேன். பின்னால் ஊர்ச் சாலையில் போகிற வருகிற இரண்டு வண்டி. எண்ணிப் பார்த்தால் ஆறு இடம். தாராளமாகப் போனால் ஏழு. என் அலமாரியில் 21.

ஆறு பேர் உட்கார இடமுள்ள அறைக்கு 21 பேரை அழைத்தவன் யாரைத் திருப்பி அனுப்புவது என்று யோசிக்கத்தான் வேண்டும். ஓப்பல் பிளிட்ஸ் என்ற ஜெர்மன் லாரி அழகான கிட், ஆனால் பிரிட்டிஷ் யார்டில் அதற்கு வேலை இல்லை. நீரிலும் நிலத்திலும் ஓடும் டியூகேடபிள்யூ இன்னும் அழகு, அதற்கும் இல்லை. போர் டாங்க் சுமக்கும் ஸ்காமெல் ட்ரெய்லரை வைத்தால் பாதி யார்டு காலி.

ரயில்வேயின் சொந்த வண்டி என்ற இடத்துக்குப் போட்டியே இல்லை. மெக்கானிக்கல் ஹார்ஸ் அதற்காகவே பிறந்தது. 1930-களில் ரயில்வே கம்பெனிகள் சரக்கு விநியோகத்துக்கு வைத்திருந்த குதிரை வண்டிகளுக்குப் பதிலாக வந்த மூன்று சக்கர இழுவை வண்டி அது. முன்னால் ஒரே சக்கரம் என்பதால் குதிரை திரும்பும் இடத்தில் அதுவும் திரும்பும். பின்னால் போய் ட்ரெய்லரில் முட்டினால் தானே கோத்துக்கொள்ளும். அதனால் ஒரு ட்ரெய்லரில் சரக்கு ஏற்றிக்கொண்டிருக்கும்போதே வண்டி இன்னொன்றை இழுத்துக்கொண்டு போய்விடலாம். 1948-ல் இதன் வாரிசாக ஸ்கேரப் வந்த பிறகும் பழையவை ஓடின. யார்டில் வண்டி இல்லாமல் ட்ரெய்லர் மட்டும் தனியே நிற்பதுதான் இதன் அடையாளம். மாடலில் பலர் இதைக் கோத்தே வைத்துவிடுகிறார்கள். கழற்றி வைத்துப் பாருங்கள், யார்டில் உடனே வேலை நடக்கிற களை வந்துவிடும்.

பழசு என்றால் என்ன பழசு

திறந்து பார்த்ததில் மூன்று விதமான நோய்கள்.

முதலாவது, அந்த 1:25 லாரிகள். கழித்துவிட்டாலும் ஆசைக்குத் திறந்தேன். சேசிஸ், கேபின், டயர் எல்லாம் ஒரே பையில் இருந்தன. கறுப்பு வினைல் டயர் ஒன்று எஞ்சின் மூடியின் மேல் சாய்ந்து பல வருடம் கிடந்திருக்கிறது. எடுத்தால் வரவில்லை. மெல்ல நெம்பியபோது 'சப்' என்ற சத்தத்தோடு பிரிந்தது. அடியில், வழவழப்பாக இருந்திருக்க வேண்டிய வெள்ளைப் பிளாஸ்டிக்கில் அரை நிலா வடிவத்தில் ஒரு பள்ளம். டயரின் பட்டன்கள் ஒவ்வொன்றாக அதில் பதிந்திருந்தன, ஈர மண்ணில் லாரி போன தடம் மாதிரி. தொட்டால் பிசுபிசுத்தது. வினைலை மென்மையாக வைத்திருக்க அதில் கலக்கும் பிளாஸ்டிசைசர் வருடக்கணக்கில் வெளியே கசியும். கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனில் பட்டால் அதை இளக்கித் தின்னும். சூடான இடத்தில் வைத்தால் இன்னும் வேகம். இதற்கு மருந்து கிடையாது, தடுப்பு மட்டும் உண்டு. எந்தக் கிட் வாங்கினாலும் முதல் வேலையாக மென்மையான டயர்களை எடுத்துத் தனிப் பையில் போட்டுவிட வேண்டும். பெட்டி பிரிக்காதது, சீல் உடையாதது என்று பெருமையாக வைத்திருக்கும் பல கிட்டுகளுக்குள் இந்த விருந்து சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கும் என்று நினைத்தால் கொஞ்சம் வயிற்றைக் கலக்குகிறது.

இரண்டாவது, மெக்கானிக்கல் ஹார்ஸ். முன்பு மர அலமாரி இழுப்பறையில் இருந்ததாம். பாகங்களின் மேல் சாம்பல் கலந்த வெள்ளைப் பொடி. ஒயிட் மெட்டலில் காரீயமும் வெள்ளீயமும் இருக்கும். சில மரங்களும், குறிப்பாக ஓக், மட்டமான அட்டைகளும் மெல்ல வெளிவிடும் அசிட்டிக் அமில ஆவி காரீயத்தைத் தாக்கும்; அதன் விளைவு இந்தப் பொடி. இதை உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. காரீயப் பொடி மூச்சில் போகும். கையுறை போட்டு, தண்ணீருக்குள் வைத்தே பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். அடியில் உலோகம் நன்றாகவே இருந்தது, மட்கார்டின் ஒரு விளிம்பு மட்டும் அரித்திருந்தது. நன்கு காயவைத்து உலோகத்துக்கான பிரைமர் அடித்து, எபாக்ஸியால் ஒட்டினேன். 70 டிகிரியில் உருகும் விசேஷ சால்டரால் ஒட்டுகிறவர்கள் உண்டு. ஒரு நொடி தவறினால் வண்டியே உருகி மேஜையில் ஓடிவிடும் என்பதால் எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

மூன்றாவது, டிகால்கள், அதாவது தண்ணீரில் நனைத்து மாடலில் ஒட்டும் எழுத்துப் படலங்கள். ரயில்வே எழுத்துகள் இருந்த தாள் பழுப்பேறிக் கிடந்தது. ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் உட்பக்கமாக ஒட்டி ஒரு வாரம் விட்டேன். பழுப்பு பெருமளவு வெளுத்துவிட்டது. சந்தோஷத்தில் நேராகத் தண்ணீரில் போடவில்லை, அது நான் செய்த நல்ல காரியம். தேவையில்லாத ஓர் எண்ணை மட்டும் வெட்டி நனைத்துப் பார்த்தேன். உடைந்த கண்ணாடி போலச் சிதறி மிதந்தது. உடனே மொத்தத் தாளுக்கும் மேலே பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்தேன். காய்ந்ததும் ஒவ்வோர் எழுத்தையும் ஓரத்தை ஒட்டி வெட்டி எடுத்தேன், ஏனென்றால் வார்னிஷ் தாள் முழுக்க ஒரே படலமாகிவிடும். அதன் பிறகு சிதறவில்லை.

திறப்பதா, வைத்திருப்பதா

இதில் சேகரிப்பவருக்கும் ரயில்காரருக்கும் எப்போதும் சண்டை. எனக்குள்ளேயே நடந்தது. பிரிக்காத பழைய பெட்டியை ஒரு முறை திறந்தால் அவ்வளவுதான்.

சண்டையைத் தீர்த்து வைத்தது, பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கும் அச்சுகளின் வரலாறு. கம்பெனி மூடினாலும் அச்சு சாவதில்லை. ஏர்ஃபிக்ஸ் 1981-ல் நொடித்து, கை மாறி, 1986-ல் ஹம்ப்ராலிடமும் 2006-ல் ஹார்ன்பியிடமும் போனது. மேட்ச்பாக்ஸை நடத்திய லெஸ்னி கம்பெனி 1982-ல் விழுந்தது. அதன் கிட் அச்சுகள் பல பின்னாளில் ரெவெல் பெட்டிகளில் வந்தன. ரயில்காரர்களுக்கு இன்னும் பழக்கமான கதை கிட்மாஸ்டருடையது. அதன் ரயில் கிட்டுகளின் அச்சுகள் ஏர்ஃபிக்ஸுக்குப் போய், அங்கிருந்து டாபோலுக்குப் போயின. ஆகவே ஒரு கிட் 'அரிது' என்று யாராவது சொன்னால், பெட்டி அரிதா, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் அரிதா என்று கேட்க வேண்டும். அநேகமாகப் பெட்டிதான்.

எனவே நான் வைத்துக்கொண்ட வழக்கம் இது. மறுவெளியீடு கிடைக்கும் கிட்டின் பழைய பெட்டி சீல் உடையாமல் இருந்தால், அதைத் தேடுகிறவருக்குக் கொடுத்து எனக்கு வேண்டியதை மாற்றிக்கொள்வது. பெட்டி நைந்ததோ, ஏற்கெனவே திறந்ததோ என்றால் தயங்காமல் கட்டுவது. ஒரு விஷயத்தில் பழசுக்குத்தான் என் ஓட்டு. அச்சு புதிதாக இருந்தபோது வார்த்த பாகங்களின் விளிம்பு கூர்மையாக இருக்கும். தேய்ந்த அச்சில் பிறந்தவற்றுக்கு எல்லா விளிம்பிலும் மெல்லிய பிசிறு தொங்கும். ரேடியேட்டர் கம்பிகளுக்கு நடுவே பிசிறு எடுத்தவர்களுக்குத் தெரியும் அந்த வேதனை.

மெட்டாடரை மாற்றியது

இரண்டு மெட்டாடரில் ஒன்று, யாரோ ஒரு சிறுவன் பாதி கட்டி விட்டது. கேபின் கூரையின் நடுவில், பசை ஈரமாக இருக்கும்போதே அழுத்திய ஒரு சின்னக் கட்டைவிரல் ரேகை, கோடு கோடாக, உருகிய பிளாஸ்டிக்கில் அப்படியே பதிந்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்தால் போய்விடும். தேய்க்க மனம் வரவில்லை. இதை ஒதுக்கிவிட்டு மற்றதை எடுத்தேன்.

நிஜ வாழ்க்கையில் மெட்டாடர்கள் போருக்குப் பின் காட்டில் மரம் இழுத்தன. நான்கு சக்கரமும் இழுக்கும், கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் உண்டு, கேபின் உறுதி. கிட்டில் செய்ய வேண்டிய மாற்றம் பெரிதல்ல. பின்பக்கம் பீரங்கிக் குழு உட்காரும் உடம்பை வெட்டி எடுத்து, சேசிஸை வெறுமையாக்கினேன். அதன் மேல் பிளாஸ்டிக் தகட்டில் ஒரு பலகைத் தளம், பழைய தண்டவாளத் துண்டை வளைத்து ஒரு தூக்குக் கை, நூலை மெழுகில் உருவி ஒரு வின்ச் கயிறு. சேசிஸ் லேசாக முறுக்கியிருந்தது. கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரைவிடக் கொஞ்சம் அதிக சூட்டில் அமிழ்த்தி, கண்ணாடித் தகட்டின் மேல் வைத்துப் பாரம் ஏற்றியதும் நேரானது.

ஒட்டுவதற்கு முன் எல்லாப் பாகங்களையும் சோப்புத் தண்ணீரில் கழுவினேன். அச்சிலிருந்து எளிதாகப் பிரிய அடித்த எண்ணெய்ப் பசை ஐம்பது வருடமானாலும் அப்படியே இருக்கும், பெயின்ட் ஒட்டாது. மூடுதுணி தேவைப்பட்ட இடங்களில் மெல்லிய டிஷ்யூ தாளை, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்துப் போர்த்தினேன். பிளாஸ்டிக்கில் வார்த்த தார்ப்பாயைவிட இது நிஜமாகத் தொங்குகிறது. சக்கரங்களின் அடியை அரத்தால் துளி தட்டையாக்கினேன். மூன்று நான்கு இழுப்புதான். உருண்டையான டயர் தரையை ஒரு புள்ளியில் தொடும், லாரி எடையே இல்லாததுபோல் மிதக்கும். தட்டையாக்கியதும் வண்டிக்குப் பாரம் வந்துவிடுகிறது.

கடைசியாக ஒரு சின்னக் காகித வட்டம். பிரிட்டனில் அக்காலத்தில் கனரக லாரிகளுக்கு மணிக்கு 20 மைல்தான் வேக வரம்பு. 1957-ல்தான் 30 ஆனது. லாரியின் பின்னால் '20' என்று எழுதிய வட்டப் பலகை தொங்கும். சட்டைப் பொத்தானின் ஓட்டை அளவுக்கு அதை வரைந்து ஒட்ட ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. வருடம் 1953 என்று லேஅவுட்டில் எங்கும் எழுதவில்லை. அதைச் சொல்வது அந்த வட்டம்தான். இந்தத் திட்டம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த பாகம் அது.

யார் எங்கே நின்றார்கள்

மெட்டாடர் கிரேன் பக்கம். ஏர்ஃபிக்ஸின் விமானப்படை எரிபொருள் கிட்டிலிருந்து வந்த பெட்ஃபோர்ட் க்யூஎல் டாங்கர், நிறம் மாறி எண்ணெய்க் கிடங்கில். அவசர உதவி கிட்டிலிருந்த ஆஸ்டின் கே2 ஆம்புலன்ஸ், சிலுவையை இழந்து பழுப்பு நிறப் பார்சல் வேனாக. மெக்கானிக்கல் ஹார்ஸ் ஷெட் வாசலில், சிவப்பும் க்ரீமும் பூசி, ட்ரெய்லரிலிருந்து பிரிந்து.

ஸ்கேல் பொருந்தாத மூன்றைத் தூரத்தை வைத்து ஏமாற்றினேன். 1:72 ஜிஎம்சி லேஅவுட்டின் முன் விளிம்பில், பார்ப்பவருக்கு மிக அருகில். அருகில் இருப்பது பெரிதாகத் தெரிவதை யாரும் சந்தேகிப்பதில்லை. அதன் ஸ்டீயரிங் இடது பக்கம் என்பதுதான் தலைவலி, அமெரிக்க வண்டியாயிற்றே. கேபினின் முதுகு நமக்குத் தெரியும்படி திருப்பி, உள்ளே ஓட்டுநரை வைக்காமல் விட்டேன். 1:87 வண்டிகளில் இரண்டு, பின் திரைக்கு ஒட்டிய ஊர்ச் சாலையில், தூரத்தில் போகின்றன. ஒரே ஒரு கட்டுப்பாடு: வேறு ஸ்கேல் வண்டி எதுவும் இன்னொன்றுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வரக்கூடாது. நடுவில் ஒரு சுவர், மரம், கிரேன் ஏதாவது இருந்தால் கண் ஒப்பிடாது.

ஆக 7. மீதியில் சில பெட்டி மாறி வேறு கைகளுக்குப் போயின. அந்தப் பண்டமாற்றில் எனக்குக் கிடைத்தவை நிலக்கரி மூட்டைகளும் இரண்டு கூட்ஸ் பெட்டி கிட்டுகளும். 1:25 லாரிகளின் உருகாத பாகங்கள் உதிரிப் பெட்டியில். ஓப்பல் பிளிட்ஸ் இன்னும் அலமாரியில் இருக்கிறது, அதற்கு நான் காரணம் எதுவும் சொல்லப்போவதில்லை.

ஒதுக்கி வைத்த மெட்டாடரின் கேபினுக்கு மட்டும் பிறகு ஓர் இடம் கிடைத்தது. கூட்ஸ் ஷெட்டின் பின்னால், புல் மண்டிய மூலையில், சக்கரமும் சேசிஸும் இல்லாமல் தரையில் உட்கார்ந்திருக்கிறது. துரு நிறம் பூசி, பாதியைத் தார்ப்பாயால் மூடியிருக்கிறேன். கூரையை மட்டும் மூடவில்லை. வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது அந்தக் கட்டைவிரல் ரேகை தெரியும். 1:76 கணக்கில் அது கிட்டத்தட்ட மூன்றடி அகலம். பார்ப்பவர்கள், கூரையில் ஏதோ பலமாக விழுந்து நசுங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.